ஃப்ளூ தடுப்பூசியால் தோள் பாதிப்பு: அமெரிக்காவில் இழப்பீடு பெற்ற அனுபவம்

அமெரிக்காவில் ஃப்ளூ தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர் மருந்து நிறுவனத்தின் மீதோ ஊசி போட்டவர் மீதோ வழக்குத் தொடுப்பதற்கு முன், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய இழப்பீட்டுத் திட்டத்தில் மனுச் செய்தாக வேண்டும். மனு வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைக் கோரல் நீதிமன்றத்துக்குப் போகிறது; எதிர்மனுதாரர் மத்தியச் சுகாதாரத் துறைச் செயலர். யாருடைய கவனக்குறைவையும் நிரூபிக்கத் தேவையில்லை என்பதை அறிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தடுப்பூசியில் நம்பிக்கை உள்ள நான், அதற்கு எதிராகப் பேசாமலே உரிமையைக் கேட்க முடிந்தது.

மருந்தகம் ஒன்றில் எனக்குப் போட்ட ஊசி, மேல்கைத் தசைக்குள் இறங்காமல் தோள்மூட்டை ஒட்டி இறங்கியது. அன்றிரவே கையை உயர்த்த முடியவில்லை. மாதங்கள் கடந்தும் சட்டை மாட்டுவதே வேதனையாக இருந்தது. 'சிர்வா' எனப்படும் இப்பாதிப்பு 2017 முதல் திட்டத்தின் பாதிப்பு அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தோளில் முன்பு வலி இருந்திருக்கக் கூடாது. வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளுக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். அதற்கு வேறொரு நோய் காரணமாகவும் இருக்கக் கூடாது. இவை பொருந்தினால், ஊசியே காரணம் என்று சட்டம் முதலில் ஏற்றுக்கொள்கிறது.

என் வழக்கு அந்த 48 மணி நேரத்தில்தான் சிக்கியது. முதலில் பார்த்த மருத்துவர், தடுப்பூசியைப் பற்றி நான் சொல்லியும், 'சில வாரங்களாகத் தோள்வலி' என்று மட்டும் குறித்திருந்தார். அந்த ஒரு வரியைக் காட்டி, வலி எப்போது தொடங்கியது என்பதை அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேள்விக்குள்ளாக்கினார். ஆனால் மருத்துவக் குறிப்பில் பதியப்படாமலோ தவறாகப் பதியப்பட்டோ இருந்தாலும், உரிய காலத்துக்குள் வலி தொடங்கியதாக, இம்மனுக்களை விசாரிக்கும் சிறப்பு நீதிபதி முடிவுசெய்யலாம் என்று அச்சட்டமே இடம் தருகிறது. மனுதாரரின் சொல் மட்டும் போதாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே பிசியோதெரபி தொடங்கிய அன்று நான் நிரப்பிய படிவம், ஊசி போட்ட மறுநாள் காலையில் தம்பிக்கு அனுப்பிய குறுஞ்செய்தி, என் மனைவியின் பிரமாண வாக்குமூலம் ஆகியவற்றை என் வழக்கறிஞர் சேர்த்து அளித்தார். என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானித்தவை இவைதான். வலி தொடங்கிய நேரத்தைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பதியச் சொல்லி வற்புறுத்துங்கள் என்று பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

திட்டம் கேட்டபடி, பாதிப்பு ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்ததைச் சிகிச்சைக் குறிப்புகளும் எம்.ஆர்.ஐ. அறிக்கையும் காட்டின. முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கோவிட் தடுப்பூசிக்கு வேறொரு திட்டம் உண்டு. அதற்கு ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டே அவகாசம் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தொடக்கம் பற்றிய கேள்வி தீர்ந்ததும் அரசுத் தரப்பு இழப்பீட்டுத் தொகையைப் பேச முன்வந்தது. வலிக்கும் மனவேதனைக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர். என் போன்ற தோள் பாதிப்புக்கு அதைவிட மிகக் குறைவாகவே கிடைத்தது, ஆயினும் அது நியாயமானது என்றே கருதுகிறேன். பணம், ஒவ்வொரு ஃப்ளூ ஊசிக்கும் விதிக்கப்படும் 75 சென்ட் வரியால் நிரம்பும் அறக்கட்டளை நிதியிலிருந்து வருகிறது. வழக்கறிஞரின் கட்டணத்தையும் சிறப்பு நீதிபதி தனியே நிர்ணயித்து அதே நிதியிலிருந்து வழங்க உத்தரவிட்டார். எனக்கு வந்த தொகையிலிருந்து அவர் எதையும் எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை.