வலாண்டிகம் கையில் எடுத்த துப்பாக்கி

டேடன் நகரத்திலிருந்து தெற்கே அரை மணி நேரம் காரில் போனால் லெபனான் வரும். நாடு இல்லை, ஒஹாயோ மாநிலத்தில் உள்ள சின்ன ஊர். அங்கே 1803-இல் தொடங்கிய கோல்டன் லாம்ப் என்ற விடுதி இன்னும் நடக்கிறது. போன மாதம் சாப்பிடப் போயிருந்தோம். அங்கே ஓர் அறைக்கு வலாண்டிகம் என்று பெயர். "யாருப்பா அது?" என்றாள் மகள். தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அப்புறம் இரண்டு வாரம் ராத்திரியெல்லாம் அவரைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

கிளெமென்ட் வலாண்டிகம் டேடனில் வக்கீல். அடிமை முறையை விடாமல் பிரிந்துபோன தென் மாநிலங்களோடு வட மாநிலங்கள் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்தில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராக இருந்தவர். 1871 ஜூனில் ஒரு கொலை வழக்குக்காக இந்த விடுதியில் வந்து தங்கினார். முந்தைய கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஹாமில்டன் ஊர் மதுக்கடையில் நடந்த அடிதடியில் டாம் மையர்ஸ் என்பவர் குண்டு பாய்ந்து செத்துப்போனார். குற்றம் சாட்டப்பட்ட மெக்கீஹனுக்காகத்தான் வலாண்டிகம் வாதாடினார். யாரும் மையர்ஸைச் சுடவில்லை, முழங்காலிட்டிருந்தவர் எழுந்துகொண்டே பையிலிருந்து துப்பாக்கியை உருவியபோது தானாக வெடித்துவிட்டது என்பதுதான் வலாண்டிகத்தின் வாதம்.

அதை நிரூபிக்க ஜூன் 16 அன்று ஊருக்கு வெளியே போய், துணியின் மேல் சுட்டு, வெடிமருந்துக் கறை எப்படிப் படிகிறது என்று பார்த்தார்கள். திரும்பும் வழியில் உடன் வந்த வக்கீல், மிச்சமிருக்கும் குண்டுகளையும் சுட்டுத் தீர்த்துவிடுங்கள் என்றாராம். தேவையில்லை என்றுவிட்டார் இவர். அன்றிரவு அறையில் இரண்டு துப்பாக்கிகள் அருகருகே கிடந்தன. ஒன்று காலி. நண்பர்களுக்கு நடித்துக் காட்ட ஒன்றை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டு, மையர்ஸ் உருவியது போலவே உருவினார். எடுத்தது காலித் துப்பாக்கி அல்ல. வயிற்றில் பாய்ந்த குண்டை டாக்டர்களால் எடுக்க முடியவில்லை. மறுநாள் காலை போய்விட்டார். 50 வயது.

இதோடு நிறுத்தியிருந்தால் விநோதச் செய்தி என்று மறந்திருப்பேன். ஆனால் ஆளுடைய அரசியல் என்னைத் தூங்கவிடவில்லை. அடிமை முறையை ஒழிக்கப் போர் நடத்தக் கூடாது, தென் மாநிலங்களோடு சமாதானம் பேசு என்று கத்தியவர். எனக்குத் துளியும் பிடிக்காத கட்சி. எதிரிகள் இவர்களுக்கு வைத்த பெயர் 'காப்பர்ஹெட்', ஒரு விஷப்பாம்பின் பெயர்.

1863 ஏப்ரலில், ஒஹாயோ பகுதிக்கு வடக்கின் ராணுவத் தளபதியாக இருந்த ஜெனரல் பர்ன்சைடு 38-ஆம் எண் உத்தரவு போட்டார்: எதிரிக்கு அனுதாபமாகப் பேசினால் கைது. மே 1 அன்று மவுண்ட் வெர்னான் கூட்டத்தில் அந்த உத்தரவையே கிழித்துப் பேசினார் வலாண்டிகம். சாதாரண உடையில் வந்த ராணுவ அதிகாரிகள் மேடையருகே நின்று குறிப்பெடுத்தார்கள். மே 5 அதிகாலை, சிறப்பு ரயிலில் டேடனுக்கு வந்த சிப்பாய்கள் வீட்டுக் கதவை உடைத்து அவரைத் தூக்கிப்போனார்கள். அவருடைய ஆட்கள் அன்றிரவே எதிர்க்கட்சிப் பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். சிவிலியன் ஒருவரை, நீதிமன்றங்கள் திறந்திருக்கும் ஊரில், ராணுவத்தினர் விசாரித்துத் தண்டனை கொடுத்தார்கள். இந்த இடத்தில் நான் தயங்காமல் வலாண்டிகம் பக்கம்தான்.

லிங்கன் கெட்டிக்காரர். சிறையில் வைத்தால் தியாகியாகிவிடுவான் என்று புரிந்திருக்கும் போல. தண்டனையை மாற்றி, தெற்கின் எல்லைக்குள் கொண்டுபோய் விடச் சொல்லிவிட்டார். நீ அனுதாபப்படுகிற ஆட்களோடேயே இரு என்ற மாதிரி! வலாண்டிகமோ அங்கிருந்து பெர்முடா வழியாகக் கனடா போய், டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில் விண்ட்சர் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒஹாயோ கவர்னர் தேர்தலில் நின்றார். சுமார் 1 லட்சம் வாக்கில் தோல்வி. 1864-இல் மாறுவேடத்தில் திரும்பி வந்தார். ஒட்டு மீசை, சட்டைக்குள் தலையணை என்றெல்லாம் கதை சொல்கிறார்கள். லிங்கன் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்.

இன்னொன்று. சாவதற்கு முந்தைய மாதம்தான் தன் கட்சிக்காரர்களிடம், கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையும் ஓட்டுரிமையும் தந்த, போருக்குப் பின் வந்த அரசியல் சாசனத் திருத்தங்களை ஏற்றுக்கொள்வோம் என்று பேசினார். மனம் மாறினாரா, ஓட்டுக் கணக்கா? எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது.

மகளிடம் கதையைச் சொன்னேன். "கேஸ் ஜெயிச்சுதா?" என்றாள் முதலில். ஜெயித்தது. மெக்கீஹன் கடைசியில் விடுதலையானார். நாலு வருஷம் கழித்து அவரையும் யாரோ சுட்டுவிட்டார்கள்.