வலப்பக்க நாற்காலி

1816 ஜூன் 8, சனி
எல்ஜின் பிரபு ஏதென்ஸிலிருந்து கொண்டுவந்த சிலைகளை 35,000 பவுண்டுக்கு வாங்க நேற்று நாடாளுமன்றம் சம்மதித்துவிட்டது. யார் வீட்டுப் பணம் என்று காலையிலிருந்து அண்ணன் கத்துகிறான். அவன் கத்தட்டும் என்று அத்தையும் நானும் பர்லிங்டன் மாளிகைக்குப் போய் அவற்றைப் பார்த்துவிட்டு வந்தோம். மூக்குப் போனது, கை போனது, தலையே இல்லாதது என்று வரிசையாக நிற்கின்றன. அத்தை உருகிவிட்டாள், என்ன அழகு, என்ன அழகு என்று. அதே அத்தை வண்டியில் ஏறியதும், "அந்தக் கேப்டனுக்கு மட்டும் முகம் அப்படி ஆகாமல் இருந்திருந்தால்..." என்று ஆரம்பித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 10
இன்றும் கேப்டன் என்னைத் தன் வலப்பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வைத்தார்.

ஜூன் 12, புதன்
ஆல்மாக்ஸ் நடன அரங்கு. காய்ந்த ரொட்டி, வெண்ணெய், தண்ணீர் மாதிரி எலுமிச்சைச் சாறு. இதற்குத்தான் ஊரே அடித்துக்கொள்கிறது. அவர் வரவில்லை. நுழைவுச் சீட்டு கிடைக்கவில்லையா, கேட்கவே இல்லையா? பதினொரு மணிக்குக் கதவைச் சாத்தும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 18
வாட்டர்லூ போர் நடந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. போன வருடம் இதே வாரம் செய்தித்தாளில் இறந்தவர், காயம்பட்டவர் பட்டியல்களை விரலால் தடவித் தடவிப் படித்தேன். அவர் பெயருக்கு நேரே 'கடுமையாக' என்று ஒரே ஒரு சொல். எங்கே, எவ்வளவு என்று யாரும் எழுதவில்லை. வாட்டர்லூ பற்றிக் கேட்டால் முந்தின இரவு பெய்த மழையைப் பற்றி மட்டும் பேசுகிறார். சிப்பாய்க்கும் தளபதிக்கும் ஒரே மாதிரி வெள்ளிப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள், சிவப்பு நாடா, நீலக் கரை. அது அவர் பெட்டியிலேயே கிடக்கிறதாம்.

ஜூன் 29
ஜூன் முடியப்போகிறது, இன்னும் கணப்பில் நெருப்பு. சூரியனில் கரும்புள்ளிகள் தெரிகிறதென்று தெருவில் எல்லோரும் புகை படிந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஜூலை 18-ஆம் தேதி சூரியன் அணைந்துவிடும் என்று இத்தாலியில் போலோக்னாவில் யாரோ சொன்னார்களாம். என் பணிப்பெண் அழுகிறாள். சம்பள பாக்கியை 17-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட முடியுமா என்றும் கேட்டாள்!

ஜூலை 3
அவருக்கு விடுப்பு முடிகிறது. 20-ஆம் தேதி டோவரில் கப்பல் ஏறி, பிரான்சில் காம்ப்ரேயில் இருக்கும் படைக்குப் போய்ச் சேர வேண்டுமாம். இதையும் வலது கன்னத்தைக் காட்டிக்கொண்டேதான் சொன்னார்.

ஜூலை 12
கார்ல்டன் மாளிகையில் இளவரசரின் விருந்து. ஆணும் பெண்ணும் முகத்துக்கு முகம் அணைத்தபடி சுழலும் வால்ட்ஸை அரசவையிலேயே ஆடினார்கள். அவர் இல்லை. கால் வலி.

ஜூலை 15
தெரிந்தவர் வீட்டு நடனம். நான்தான் கேட்டேன், வால்ட்ஸ் ஆடுவீர்களா என்று. பெண் கேட்கக் கூடாதுதான், சரி, கேட்டாயிற்று. வால்ட்ஸில் பக்கம் பார்த்து நிற்க முடியாதே. இரண்டாவது சுற்றில் மெழுகுவர்த்தி வெளிச்சம் நேராக இடது கன்னத்தில் விழுந்தது. நான் பயந்துகொண்டிருந்தது போல எதுவும் இல்லை. கன்ன எலும்பிலிருந்து தாடை வரை ஒரு பள்ளம், அவசரத்தில் யாரோ கோணல்மாணலாகப் போட்ட தையல், பள்ளத்துக்குள் கத்தி எட்டாததால் மழிக்காமல் விட்டுப்போன நாலைந்து முடி. அந்த முடியைப் பார்த்ததும்தான் எனக்குக் கால் தப்பியது. தையலை எண்ணினேன், பதினொன்று. பன்னிரண்டாகவும் இருக்கலாம்.

ஜூலை 16
அந்த அந்நிய நடனத்தை டைம்ஸ் பத்திரிகை இன்று கிழித்திருக்கிறது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு எச்சரிக்கையாம். அத்தை இரண்டு முறை சத்தமாகப் படித்தாள், அண்ணன் காதில் விழட்டும் என்று. விழுந்தது.

ஜூலை 17
அண்ணன் அவரை நூலக அறைக்கு அழைத்துப் போய் முக்கால் மணி நேரம் ஆகிறது. கனமான கதவு. எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 18
சூரியன் அணையவில்லை, அது இருந்தால்தானே, ஒரே மேகம். பணிப்பெண் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் கூடத் தெரிகிறது. விடைபெற்றுப் போக வந்தார். நூலகத்தில் என்ன பேசினார்கள் என்று அவரும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. வழக்கம்போல வலப்பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் உட்கார்ந்தேன். கை கன்னத்துக்குப் போனது, பாதியில் நின்றது, மடியில் இறங்கிவிட்டது. அத்தை ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தவள் நான் எழுந்திருக்கும் வரை கோத்து முடிக்கவில்லை.

பன்னிரண்டுதான்.

ஜூலை 21
டோவரில் எதிர்க்காற்றாம். மூன்று நாளாக ஒரு கப்பலும் கிளம்பவில்லையாம்.