பாக்கி நோட்டும் கப்பல் கணக்கும்

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக அட்டாலியைக் காலி செய்துகொண்டிருந்தபோது, அப்பாருவின் (தாத்தாவின்) பாக்கி நோட்டு ஒன்று கையில் அகப்பட்டது. குமாரபாளையத்தில் தறி வைத்திருந்த வீடுகளில் இப்படி ஒரு நோட்டு இருப்பது புதிதல்ல. தறிக்கு ஆள் சேர்க்கும்போது கொடுக்கும் முன்பணத்துக்கு எங்கள் ஊரில் பாக்கி என்றுதான் பெயர். கொடுக்கிற அன்றைக்கே அது திரும்ப வரவேண்டிய பணமாகிவிடுகிறது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடும். நீலக் கோடு போட்ட தாளில், ஆள் பெயர், தேதி, தொகை, எதற்காக வாங்கினார் என்ற குறிப்பு, எல்லாம் அப்பாருவின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தன. கல்யாணச் செலவு, பிரசவம், கூரை வேய்தல், அம்மன் நோம்பி.

வேறொரு சமயத்தில் என்றால் நான் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்திருப்பேன். ஆனால் கடந்த சில மாதங்களாக அட்லாண்டிக் அடிமை வணிகம் குறித்துப் படித்துவருகிறேன். அந்த வாசிப்பில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது சங்கிலியும் சாட்டையும் அல்ல, கணக்குப் புத்தகங்கள்தான். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1860-கள் வரை ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டார்கள். அமெரிக்கக் கண்டங்களிலும் கரீபியன் தீவுகளிலும் உயிரோடு இறங்கியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் பேர். மீதி 18 லட்சம் பேர் வழியில் இறந்தவர்கள். இன்றைக்கு ஆய்வாளர்களால் 36,000-க்கும் மேற்பட்ட கப்பல் பயணங்களைத் தனித்தனியாக அடையாளம் காட்ட முடிவதற்குக் காரணமே, அந்தப் பயணங்களில் முதலீடு செய்தவர்களும் காப்பீடு செய்தவர்களும் சுங்கம் வசூலித்தவர்களும் பொறுப்பாகக் கணக்கு எழுதி வைத்ததுதான். ஏற்றப்பட்டவர்களின் பெயர்கள் மட்டும் பெரும்பாலும் அந்தத் தாள்களில் இல்லை. எங்கள் அப்பாருவின் நோட்டில் பெயராவது இருக்கிறது.

1781-ஆம் ஆண்டின் இறுதியில், லிவர்பூல் வணிகர்களுக்குச் சொந்தமான சோங் என்ற கப்பல் 442 அடிமைகளை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவை நோக்கிப் போய், வழி தவறியது. குடிநீர் போதாது என்று காரணம் சொல்லி, 130-க்கும் மேற்பட்டவர்களை மாலுமிகள் உயிரோடு கடலில் தள்ளினார்கள். நோயில் இறக்கும் அடிமைக்குக் காப்பீட்டுத் தொகை கிடைக்காது. கப்பலைக் காப்பாற்றுவதற்காகக் கடலில் எறியப்படும் சரக்குக்குக் கிடைக்கும். எனவே முதலாளிகள் தலைக்கு 30 பவுண்டு கேட்டார்கள். 1783-இல் லண்டனில் நடந்த வழக்கு கொலை வழக்கு அல்ல, காப்பீட்டு வழக்கு. முதலில் தீர்ப்பு முதலாளிகளின் பக்கமே வந்தது. மேல்விசாரணையில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு, குதிரைகள் கடலில் எறியப்பட்டிருந்தால் எப்படியோ அப்படித்தான் இந்த வழக்கும் என்பதாகவே குறிப்பிட்டார், பிறகு மறுவிசாரணைக்கு வழிவிட்டார். தள்ளியதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. முன்னாள் அடிமையான ஒலாடா இக்வியானோ இந்தச் செய்தியை, அடிமை முறையை எதிர்த்துப் போராடிவந்த கிரான்வில் ஷார்ப் என்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திராவிட்டால், இது ஒரு கம்பெனியின் நட்டக் கணக்காகவே முடிந்துபோயிருக்கும்.

துணி நெய்கிற ஊரில் பிறந்தவன் என்பதால், அந்தக் கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்குப் போகும்போது எதை ஏற்றிப் போயின என்று தேடினேன். துப்பாக்கி, மது, இரும்பு எல்லாம் உண்டு. ஆனால் முதன்மையான சரக்கு துணி, அதிலும் கணிசமான பங்கு இந்தியப் பருத்தித் துணி. சோழமண்டலக் கரையில் நெய்து அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலத் துணியை, அது போய்ச் சேரும் மேற்கு ஆப்பிரிக்கக் கினி கடற்கரையின் பெயரையே வைத்து வணிகர்கள் அழைத்தார்கள். மாலத்தீவில் அள்ளிய சோழிகளும் ஐரோப்பா வழியாக அங்கே போய், மனிதரை வாங்கும் நாணயமாகப் புழங்கின. பாய்மரக் கப்பலில் போன தன் துணி எதற்கு மாற்றாக எண்ணப்பட்டது என்று அந்த நெசவாளிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தாலும் அவரும் யாரிடமோ முன்பணம் வாங்கியவராகத்தான் இருந்திருப்பார்.

பருத்திச் செடியின் கதை கொங்கு நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. 1793-இல் எலி விட்னி பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரத்தைச் செய்த பிறகு, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்திக் காடு பெருகியது, அதோடு அடிமைகளின் எண்ணிக்கையும் பெருகியது. ஆப்பிரிக்காவிலிருந்து அந்த நாட்டுக்கு நேரடியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. 1860-இல் அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662-இலேயே சட்டம் எழுதி வைத்திருந்தது. பிறக்கும்போதே பிள்ளை பண்ணைக்காரரின் வரவுப் பக்கத்தில் ஏறிவிடும். அமெரிக்கப் பஞ்சையே நம்பியிருப்பது ஆபத்து என்று இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைக்காரர்கள் முணுமுணுத்ததால், கிழக்கிந்தியக் கம்பெனி 1840-களில் அந்தத் தென்மாநிலங்களிலிருந்தே தோட்டக்காரர்கள் சிலரைக் கூட்டிவந்து, கோயம்புத்தூர்ப் பகுதியில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தது. அந்தச் சோதனைக்குப் பொறுப்பாளர் தாவரவியலாளர் ராபர்ட் வைட். அடிமைகளை வைத்துப் பயிர் செய்து பழகியவர்கள் நம் கரிசல் விவசாயிக்குப் பாடம் சொல்ல வந்தார்கள் என்பதை எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. (கோயம்புத்தூரின் முதல் நூற்பாலை தொடங்கப்பட்ட 1888-ஆம் ஆண்டில்தான் பிரேசில் அடிமை முறையை ஒழித்தது. தற்செயல்தான், ஆனாலும் அந்த ஆண்டைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.)

ஒழிப்பு என்ற சொல்லை நான் முன்பு எளிதாக எடுத்துக்கொண்டிருந்தேன். பிரிட்டன் 1807-இல் வணிகத்தைத் தடை செய்தது, 1833-இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது, அத்தோடு 2 கோடி பவுண்டு இழப்பீடும் கொடுத்தது. அது அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு. அவ்வளவும் போனது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலை பெற்ற ஏறத்தாழ 8 லட்சம் பேருக்கு ஒரு காசும் இல்லை. போதாக்குறைக்கு, தொழில் பழகுநர் என்ற பெயரில் 1838 வரை பழைய எசமானர்களுக்கே கூலியில்லாமல் உழைக்கவும் வேண்டியிருந்தது. அந்த இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடனின் கடைசி மிச்சம் 2015-இல்தான் அடைக்கப்பட்டது. பிரான்ஸின் காலனியாக இருந்த ஹைட்டியின் கதை இதைவிடக் கொடியது. தாங்களே போராடி 1804-இல் விடுதலை பெற்ற அந்த மக்களிடம், 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களோடு வந்து, இழந்த சொத்துக்காக 15 கோடி பிராங்க் கேட்டது. பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும், அதைக் கட்டுவதற்கு பிரெஞ்சு வங்கிகளிலேயே கடன் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கடன் வளையம் முற்றாக அடைபட்டது 1947-இல். பள்ளிக்கும் சாலைக்கும் போயிருக்க வேண்டிய பணம் அது.

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த 1865-க்குப் பிறகு, விடுதலை பெற்றவர்கள் பெரும்பாலும் அதே காடுகளில், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வார முறையில் பயிர் செய்தார்கள். விதை, மாவு, துணி எல்லாம் நிலக்காரரின் கடையிலோ ஊர்க் கடையிலோ கடனாக வாங்கி, அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்த்தால், பலருக்கும் மிஞ்சியது அடுத்த ஆண்டுக்கான கடன்தான். கணக்கை எழுதியவர் ஒரு தரப்பு, எழுத்து தெரியாதவர் மறு தரப்பு. ஆப்பிரிக்காவில் எஞ்சியது வேறு மாதிரியான சேதம்: அதிகமாக ஆள் பிடிக்கப்பட்ட இனக்குழுக்களின் வழிவந்தவர்களிடம், அக்கம்பக்கத்தார்மேலும் உறவினர்மேலும் உள்ள நம்பிக்கை இன்றும் குறைவாக இருப்பதாக 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது.

பாக்கியையும் அடிமைத்தனத்தையும் ஒரே தட்டில் வைப்பது பொய்யாகும். எங்கள் தறிக்காரர்கள் விற்கப்பட்டவர்கள் அல்லர். நல்ல ஆளுக்குத் தட்டுப்பாடு உள்ள காலத்தில் கூடுதல் பாக்கி கேட்டு வாங்கி, பிடிக்காவிட்டால் வேறு பட்டறைக்குப் போகவும் செய்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்த பிறகும் நோட்டு தொடர்ந்தது என்பதும் உண்மை. நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி என்னை நிறுத்தியது. இறந்துபோன ஒருவரின் 350 ரூபாய், "மகன் பேருக்கு மாற்றியது".

அப்பாவிடம் காட்டினேன். "கேட்டு வாங்குனதுதான் கண்ணு, நாம யாருக்கும் திணிக்கல" என்றார்.

"அந்தப் பையன் கேட்டானுங்களாப்பா?"

சுண்ணாம்பு வாளியைக் கலக்கிக்கொண்டே சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தப் பையன் இரண்டு வருடத்தில் வேறு பட்டறைக்குப் போய்விட்டதாகவும், அந்தப் பட்டறைக்காரரே நமக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துத் தீர்த்துவிட்டதாகவும் சொன்னார். நோட்டிலும் அப்படியே இருக்கிறது: பெயரின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் "முழுதும் வரவு". அந்தப் பையனின் கணக்கு அதே தேதியில் அந்த இன்னொரு பட்டறையின் நோட்டில் தொடங்கியிருக்கும்.