பறை வகுப்புக்கு யார் ஆசிரியர்?

எங்கள் கல்லூரியில் சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்கு ‘கலையும் சமூக நீதியும்’ என்று ஒரு விருப்பப் பாடம் நடத்துகிறேன். பாதி வகுப்பறையில், பாதி கேண்டீனுக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடியில். வகுப்பறையில் கே.ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ நாடகம் படிப்போம். பிரேசில்காரர் அகஸ்டோ போவாலின் முறையில், பார்த்துக்கொண்டிருப்பவரே எழுந்துபோய் ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் நின்று கதையை மாற்றிப் பார்ப்போம். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். வாய் நன்றாகப் பேசுகிறவர்களுக்கு இன்னும் அதிகம் பிடிக்கும்.

மரத்தடியில் பறை. அங்கே வாய் உதவாது. தீ மூட்டித் தோலைக் காய்ச்சணும். சூடு ஏறி அது விறைத்தால்தான் சத்தம் கணீரென்று வரும். இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. தோளில் மாட்டிய பாரத்தோடு அடவும் வைக்கணும். பறை கற்றுத்தரும் ஆசான் ஒவ்வொருவர் மணிக்கட்டையும் பிடித்துத் திருத்துவார். ஒரு மாணவியிடம், வீட்டில் பழகிக்கொள்ள ஒரு பறையைக் கொடுத்தனுப்பப் பார்த்தேன். “வேணாம் மேடம், ஹவுஸ் ஓனர் பார்த்தா என்ன ஆளுன்னு கேட்பாங்க” என்றாள். அதற்குப் பிறகு சாதியையும் வாடகை வீட்டையும் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த பாடத்தை நடத்தவில்லை. அவளையே பேசச் சொன்னேன்.

அப்புறம் ஆசானின் சம்பள விஷயம். கணக்குப் பிரிவில் கொடுத்த படிவத்தில் ‘கல்வித் தகுதி’ என்றொரு கட்டம். ஆசான் எட்டாவது வரை படித்தவர். “இவரை எந்த ஹெட்டுல போட மேடம்?” என்று கேட்ட எழுத்தர், கடைசியில் ‘கலைநிகழ்ச்சி’ என்ற செலவுத் தலைப்பில் போட்டார். மைக்செட், பந்தல் செலவெல்லாம் வரும் அதே ஹெட். இத்தனைக்கும் பட்டம் இல்லாவிட்டாலும் 15 ஆண்டு அனுபவமுள்ள துறை வல்லுநரை நடைமுறைப் பேராசிரியராக வைத்துக்கொள்ளலாம் என்று 2022-இலேயே பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) வழிகாட்டுதல் வந்துவிட்டது. நுண்கலையும் அதில் உண்டு. நான் பார்த்தவரை அந்த நாற்காலிக்குக் கம்பெனி அதிகாரிகளைத்தான் தேடுகிறார்கள். மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவரே வந்தாலும் எங்கள் படிவம் கல்வித் தகுதியைத்தான் கேட்கும்.

சமூக நீதியைப் பாடமாக வைத்துவிட்டு, பாடம் சொல்லித் தருகிறவரைப் பந்தல் கணக்கில் எழுதினால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? ஹெட்டை மாற்ற இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கையில் இருந்தது அக மதிப்பெண் மட்டும். துறைக் கூட்டத்தில் ஒரு வழியாக ஒப்புதல் வாங்கி, 25-இல் 15 மதிப்பெண்ணை இந்தப் பருவம் ஆசானிடம் கொடுத்துவிட்டேன்.

போவாலைப் பற்றிப் பிரமாதமான கட்டுரை எழுதிய பையனுக்கு அவர் போட்டது 6. பயிற்சிக்குப் பாதி நாள் வரவே இல்லையாம். அவன் நேரே என்னிடம் வந்து, “நீங்க கொஞ்சம் பார்த்துப் போடுங்க மேடம்” என்றான்.

“ஆசான் மரத்தடியிலதான் இருக்கார். அவர்கிட்ட போய்க் கேளு” என்றேன்.