மே மாத ஆய்வும் ஜூலை மாதத்துப் பேருந்தும்

கோடை விடுமுறை முடியும் தறுவாயில், மாவட்டத் தலைநகரங்களின் மைதானங்களில் மஞ்சள் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கும் படம் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வெளிவரும். பள்ளி வாகனங்களுக்கான வருடாந்திரக் கூட்டாய்வு அது. போக்குவரத்துத் துறை முன்னின்று நடத்த, வருவாய், காவல், கல்வித் துறை அலுவலர்களும் உடனிருப்பார்கள். குழந்தைகளின் பாதுகாப்பை இந்த அரசுத் துறை எந்த அளவுக்குப் பொறுப்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதை அறிய விரும்புவோர், அறிக்கைகளைப் படிப்பதைவிட அந்த மைதானத்தில் அரை மணி நேரம் நின்று பார்ப்பது நல்லது.

எங்கள் ஊர் ஆய்வை நான் அவ்வாறு பார்த்திருக்கிறேன். மக்கள் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், பேருந்துக்குள் ஏறியதும் இருக்கைகளைப் பார்க்கவில்லை; நடைபாதையில் விரித்திருந்த ரப்பர் விரிப்பைச் சுருட்டச் சொல்லி, அடியில் இருந்த பலகையைக் குதிகாலால் ஓங்கி மிதித்துக்கொண்டே பின்பக்கம் வரை சென்றார். அதன்பின் அவசர வழியின் கைப்பிடியைத் தாமே இழுத்துப் பார்த்தார். துருப்பிடித்த அந்தக் கதவு இரண்டாவது இழுப்புக்குத்தான் அசைந்தது. பெரியவருடைய கைக்கே இப்படி என்றால் பத்து வயதுக் குழந்தையால் எப்படித் திறக்க முடியும் என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டு, சரிசெய்து மீண்டும் கொண்டுவரும்படி அந்த வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

அவர் தரைப்பலகையிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. 2012 ஜூலையில், சென்னை தாம்பரத்தை அடுத்த பகுதியில் ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தப் பேருந்துக்கு எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று வழங்கப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டிலேயே பள்ளிப் பேருந்துகளை ஒழுங்குபடுத்துவதற்கான சிறப்பு விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது.

அதற்கு முன் விதிகளே இல்லை என்று எண்ண வேண்டாம். முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், சன்னல் கம்பிகள், மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, கனரக வாகனம் ஓட்டுவதில் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள ஓட்டுநர், குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள ஓர் உதவியாளர் ஆகியவை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே உத்தரவிட்டிருந்தது. பதினைந்து ஆண்டுகளாகத் தாளில் இருந்தவற்றை மைதானத்துக்குக் கொண்டுவர ஒரு குழந்தையின் சாவு தேவைப்பட்டிருக்கிறது. 2022 மார்ச்சிலும் இதுவே நிகழ்ந்தது. சென்னையில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தான் வந்திறங்கிய வேன் மோதி இறந்தான். அதன்பிறகே பள்ளி வாகனங்களின் முன்னும் பின்னும் கேமராவும், பின்புறம் சென்சாரும் கட்டாயமாக்கப்பட்டன.

துறையின் அக்கறையை நான் ஐயுறவில்லை. ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை நடத்துவதும், தீயணைப்புத் துறையினரைக் கொண்டு செயல்விளக்கம் காட்டுவதும் வெறும் சடங்குகள் அல்ல. எனினும், ஆய்வுக்கு வரும் வண்டி அன்றைக்கென்று கழுவித் துடைத்து, காலாவதியான மருந்துகளை மாற்றி, நாள் குறித்துக் கொண்டுவரப்படும் வண்டி. நவம்பர் மழையில் தண்ணீர் ஊறி இற்றுப்போகும் பலகையை மே மாதத்து மிதி காட்டிக்கொடுக்காது. கல்வியாண்டின் நடுவில், பள்ளி விடும் நேரத்தில், முன்னறிவிப்பில்லாமல் செய்யும் சோதனைகளையே துறை பெருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆள் பற்றாக்குறை என்ற பதிலை நான் அறிவேன். நூற்றுக்கணக்கான வண்டிகளை ஒரே நாளில் பார்த்து முடிக்கும் அதே ஆட்களை, மாதத்துக்குச் சில வண்டிகள் என்று பிரித்து அனுப்பினால் என்ன என்பதே என் கேள்வி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆய்வில் முழுமையாகச் சோதிக்க முடியாதது உதவியாளரின் வேலை. கடைசிக் குழந்தையும் இறங்கிச் சக்கரங்களை விட்டு விலகிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியை நகர்த்தச் சொல்லும் அந்தப் பெண்மணிக்கு, பல பள்ளிகளில் குறைந்த சம்பளமே, பயிற்சியும் பெயரளவில்தான். கேமரா வந்துவிட்டது என்று அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிடும் நிர்வாகங்களை விதிமீறலுக்காகத் தண்டிக்கத் துறைக்கு அதிகாரம் இருக்கிறது.

ஆட்டோவில் புத்தகப் பைகள் வெளியே தொங்க, ஓட்டுநரின் இருக்கையிலும் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு செல்லும் குழந்தைகள் இந்த மைதானத்தின் கணக்கிலேயே வருவதில்லை. பேருந்துக் கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அவ்வாறு செல்கிறார்கள் என்பதால், அபராதம் விதிப்பதோடு துறை நின்றுவிடவும் முடியாது. பள்ளி நேரத்தில் நகரப் பேருந்துகளைக் கூட்டுவது பற்றி அரசுப் போக்குவரத்துக் கழகங்களோடு அது பேசியாக வேண்டும். இப்போதைக்கு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு: எந்தப் பள்ளியின் எந்த எண்ணுள்ள வண்டி எந்தக் குறைக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது, எப்போது சரிசெய்யப்பட்டது என்ற பட்டியலை, பள்ளி திறப்பதற்கு முன் பெற்றோர் பார்க்கும்படி பள்ளி வாசலிலேயே ஒட்டச் செய்யலாம்.