ஓடாத காளையும் ஆறு பாரமும்: ஒரு சிறார் நகைச்சுவை நாவல் அச்சேறிய விதம்

கொரோனாவால் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்த பிறகு, 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, குடியாத்தத்தை அடுத்த எங்கள் கிராமத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கத் தொடங்கினேன். எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் வரும் கேள்வி, "அக்கா, இதுல சிரிப்பு வருமா?" என்பதுதான். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு இக்கேள்விக்கு விடை இருந்தது. இணையத்தில் பொது உரிமத்தில் கிடைக்கும் படக்கதைகள் இருந்தன. பின்னர் அரசின் வாசிப்பு இயக்கத்தின் மூலம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்த மெல்லிய புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்தன. ஆனால் எட்டு வயதைக் கடந்து பன்னிரண்டை எட்டும் பிள்ளைகள், அதாவது நான்காம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை உள்ளவர்கள், ஒரே கதை நூறு பக்கம் நீள வேண்டும், அது முழுக்கச் சிரிப்பாக இருக்க வேண்டும், தங்கள் ஊரைப் போன்ற ஓர் ஊரில் நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி ஒன்றை எழுதி, திருத்தி, அச்சிட்டு முடித்த அனுபவத்தை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எழுதத் தொடங்குமுன் எந்த வயதுப் பிள்ளை எதற்குச் சிரிக்கிறது என்பதைக் கவனித்துக் குறித்துக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கதாபாத்திரத்தைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்ற நினைப்பே பெரும் மகிழ்ச்சி. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை 1822இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சான நூல். இரண்டு நூற்றாண்டு கழித்தும் அது எங்கள் மையத்தில் எடுபடுவதற்குக் காரணம் இதுதான். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்க்கும் சீடனைவிட மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு விவரம் அதிகம். பத்து, பதினோரு வயதில் இது மட்டும் போதவில்லை. அந்த வயதில் அதிகாரத்தில் இருப்பவர் சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளி கண்ணில் படத் தொடங்குகிறது. ஒலிபெருக்கியில் பேசுபவர், பரிசு கொடுக்க வருபவர், அறிவுரை சொல்லும் மாமா ஆகியோர் தடுமாறும் இடத்தில்தான் சிரிப்பு எழுகிறது.

இதற்கு எங்கள் வட்டாரத்தில் பழைய வழிகாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் தெருக்கூத்துக் கட்டியங்காரன். வடஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து இரவெல்லாம் கூத்து நடத்தும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இராசா நீட்டி முழக்கித் தன் பெருமையைப் பாடி முடித்ததும், கட்டியங்காரன் ஊர்ப் பேச்சில் ஒரே ஒரு கேள்வி கேட்பான். இராசாவின் கிரீடம் ஒரு விரற்கடை இறங்கிவிடும். முழக்கம் நீளமாகவும் கேள்வி குட்டையாகவும் இருப்பதால்தான் அது வேலை செய்கிறது. என் நாவலின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் இந்த அளவில்தான் அமைத்தேன்.

கதை எருது விடும் விழாவைச் சுற்றியது. வேலூர்ப் பக்கத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: இது காளையை அடக்கும் போட்டியன்று, குறித்த தொலைவை எந்தக் காளை குறைந்த நேரத்தில் ஓடிக் கடக்கிறதோ அதற்குப் பரிசு. என் கதையில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், அவனுடைய ஆயா, அதாவது பாட்டி, வளர்க்கும் 'மின்னல்' என்ற காளையைப் போட்டிக்குக் கொண்டுவருகிறான். ஒலிபெருக்கியில் ஒருவர் மின்னலின் வீர வரலாற்றை மூச்சுவிடாமல் அறிவிக்கிறார். மின்னல் நிதானமாக நடந்துவந்து, பாதி வழியில் நின்று, பந்தல் காலில் கட்டியிருந்த வாழைமரத்தைத் தின்னத் தொடங்குகிறது. அப்போது ஆயா மேடையைப் பார்த்துச் சொல்கிறார்: "காலைலேர்ந்து அது ஒண்ணும் துன்னல. துன்னுட்டு ஓடும். அதுவரைக்கும் வாட்ச்ச நிறுத்தி வையி."

இந்த ஓரிடம் சரியாக அமைவதற்கே பலமுறை திருத்த வேண்டியிருந்தது. முதல் வரைவில் காளை நின்றதற்கும் ஆயா பேசுவதற்கும் நடுவே பந்தலின் அலங்காரத்தைப் பற்றி நான்கு வரி வருணனை இருந்தது. பிள்ளைகள் அந்த நான்கு வரியைக் கடப்பதற்குள் காளையை மறந்துவிட்டார்கள். வருணனையை அத்தியாயத் தொடக்கத்துக்கு நகர்த்தினேன். அடுத்து, ஆயாவின் பேச்சுக்குப் பின் 'கூட்டமே வயிறு குலுங்கச் சிரித்தது' என்று ஒரு வாக்கியம் வந்தது. புத்தகத்துக்குள் இருப்பவர்கள் சிரித்துவிட்டால் படிக்கும் பிள்ளைக்குச் சிரிக்க வேலை இல்லாமல் போகிறது. ஆகவே நாவல் முழுவதும் தேடிப் பார்த்து, கதாபாத்திரங்கள் சிரிப்பதாகச் சொல்லும் வாக்கியங்களை எல்லாம் நீக்கினேன். ஆயாவுக்கும் அவர் சொல்வது வேடிக்கையாகத் தோன்றக் கூடாது. அவர் உண்மையான அக்கறையோடுதான் பேசுகிறார்.

சோதனை வாசிப்பை நான் நடத்திய முறையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த முழு வேலையில் மிகுந்த பயன் தந்தது அதுதான். எழுதியவரே வாசித்தால் குரலை ஏற்றி இறக்கி, கையை ஆட்டிச் சிரிக்க வைத்துவிடலாம். அந்தச் சிரிப்பு தாளில் இருக்காது. அதனால் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணை, எந்த நடிப்பும் இல்லாமல் செய்தி படிப்பதுபோல வாசிக்கச் சொல்லிவிட்டு, நான் பின்வரிசையில் இன்னொரு படியை வைத்துக்கொண்டு அமர்ந்தேன். சிரித்த இடத்தில் ஒரு கோடு, காலை மாற்றி உட்கார்ந்த இடத்தில் ஒரு வட்டம், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அதன் பிறகு தனித்தனியாக ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்து மௌனமாகப் படிக்கச் செய்து, விரல் எந்தச் சொல்லில் நிற்கிறது என்று பார்த்தேன். காதால் கேட்கும்போது சிரிப்பு எழுந்த இடத்தில் கண்ணால் படிக்கும்போது எழவில்லை என்றால், அந்த வாக்கியத்தில் பிள்ளையைத் தடுக்கி விழவைக்கும் சொல் ஒன்று இருக்கிறது என்று பொருள். நகைச்சுவை எழுத்தில் நான் உறுதியாக நம்புவது இதுதான்: எழுத்துக் கூட்டிப் படிக்க நேர்ந்த இடத்தில் சிரிப்பு வராது.

சில பகுதிகள் சிரிப்பு வந்தும் நீங்கின. குடித்துவிட்டுத் தள்ளாடும் அப்பா ஒருவர் முதல் வரைவில் இருந்தார். திரைப்படங்களில் நாம் பழகிய பாத்திரம்தான். பெரும்பாலான பிள்ளைகள் சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் என் குறிப்புத்தாளில் இரண்டு பிள்ளைகளுக்கு எதிரே எந்தக் கோடும் இல்லை. அவர்கள் வீட்டு நிலைமை ஊருக்கே தெரியும். வேடிக்கை என்ற பெயரில் ஒரு பிள்ளையின் வீட்டை மற்றப் பிள்ளைகள் முன் வைப்பதற்கு எனக்கு உரிமை இல்லை என்று முடிவுசெய்து அப்பாத்திரத்தை எடுத்துவிட்டேன். நிறம், உடல் பருமன், திக்குவாய் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே விலக்கியிருந்தேன். இவற்றையெல்லாம் விட்டால் நகைச்சுவைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்ட நண்பர்களுக்கு, காளையும் ஒலிபெருக்கியும் மிஞ்சும் என்பதே என் பதிலாக இருந்தது.

பேச்சுமொழியில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கதை சொல்லும் நடை பொதுத் தமிழில் இருக்கிறது. பேச்சு மட்டும் எங்கள் வட்டாரத் தமிழில் வருகிறது. 'இன்னா', 'கீது', 'நைனா', 'ஆயா' ஆகியவற்றை அச்சில் கண்டதும் பிள்ளைகள் புத்தகத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்தார்கள். இந்தப் பேச்சைத் திரையில் பெரும்பாலும் ஏமாளிகளுக்கும் அடியாட்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். என் கதையில் ஊரிலேயே கூர்மையான அறிவுள்ள ஆயாதான் அப்படிப் பேசுகிறார். அதே நேரத்தில், ஒலியை அப்படியே பிடிப்பதற்காக எழுத்துகளை உருக்குலைத்தால் நாகர்கோவில் பிள்ளை படிக்க முடியாது என்பதால், ஒரு பேச்சில் ஓரிரு வட்டாரச் சொற்களுக்கு மேல் வராதபடி பார்த்துக்கொண்டேன்.

பதிப்பகம் தேடிய காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான் அணுகிய ஒரு பதிப்பகம் நெடுநாள் கழித்து, கதை நன்றாக இருக்கிறது, ஆனால் முடிவில் நீதி இல்லை, பையன் படிப்பின் அருமையை உணர்வதாக ஓர் அத்தியாயம் சேர்த்தால் வெளியிடலாம் என்று தெரிவித்தது. படிப்பின் அருமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லப் பாடநூல்கள் இருக்கின்றன. ஒரு புத்தகத்தைத் தானாகவே விரும்பி முடிக்கும் பிள்ளை அடுத்த புத்தகத்தை எடுக்கும். அதைவிடப் பெரிய பலனை நகைச்சுவை நூலிடம் கேட்பது முறையன்று. நானே வெளியிடுவது என்று தீர்மானித்தேன்.

ஓவியருடன் எழுத்து மூலமாக ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள் என்று ஒரு வழக்கறிஞர் சொன்ன அறிவுரை மிகவும் உதவியது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். படங்களை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், மறுபதிப்புக்கு எவ்வளவு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். படங்களைப் பற்றி நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: எழுத்தில் வரும் வேடிக்கையைப் படம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது.

அந்த நிபந்தனை பக்க வடிவமைப்பில்தான் உண்மையான சோதனைக்கு உள்ளானது. காளை வாழைமரத்தைத் தின்னும் படம், எழுத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வந்தால் பிள்ளை முதலில் படத்தைப் பார்த்துவிடும். ஆகவே ஒலிபெருக்கி அறிவிப்பு வலப்பக்கத்தின் கடைசி வரியில் முடிந்து, தாளைத் திருப்பியதும் படம் தெரியும்படி அமைத்தோம். அச்சகத்தில் மாதிரிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தபோது, 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 70 கிராம் எடை) தாளில் பின்பக்கத்துக் காளையின் கொம்பு முன்பக்கத்தில் நிழலாகத் தெரிந்தது. சற்றே கனமான தாளுக்கு மாறினோம். பெரியவர்கள் படிக்கும் நாவல்களுக்கு இது ஒரு பொருட்டன்று. திருப்பும் பக்கத்தில் வியப்பை வைக்கும் புத்தகத்துக்கு இது அடிப்படையானது.

எழுத்தின் அளவை 14 புள்ளி என்று வைத்தேன். வரிகளின் இருபுறமும் சமமாக நிரப்பினால், தமிழில் சொற்கள் நீளமானவை என்பதால் ஒன்று இடையில் பெரும் இடைவெளி விழுகிறது, அல்லது சொல் எந்தக் குறியும் இல்லாமல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போகிறது. பெரியவர்கள் இதைக் கவனிக்காமலே கடக்கிறார்கள்; நான்காம் வகுப்புப் பிள்ளை அங்கே நின்றுவிடுகிறது. இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்தி, வலப்புறத்தை விட்டுவிட்டோம். 'ஓடிக்கொண்டிருந்தபோதெல்லாம்' போன்ற நீண்ட தொடர்களைப் பிரித்து எழுதினேன். ஆனால் ஒற்றுகளை விடவில்லை, ஏனெனில் பிழையான தமிழைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மெய்ப்பைத் தமிழாசிரியர் ஒருவரும் ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவரும் பார்த்தார்கள்; ஆசிரியர் கண்ணில் படாத பிழைகள் சில மாணவர் கண்ணில் பட்டன.

பாரம் என்பது ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கங்களின் தொகுதி. ஒரு பாரம் 16 பக்கம் என்பதால் மொத்தப் பக்கம் அதன் மடங்காக இருந்தால் தாள் வீணாகாது. என் கையெழுத்துப்படி நூறு பக்கத்தைத் தாண்டியது. ஓர் அத்தியாயத்தையே நீக்கி 96 பக்கம், அதாவது 6 பாரத்துக்குள் கொண்டுவந்தேன். சில நூறு படிகள் மட்டும் வேண்டுமானால் டிஜிட்டல் அச்சும், ஆயிரத்தை நெருங்கினால் ஆஃப்செட் அச்சும் கட்டுப்படியாகும். அச்சிட்ட புத்தகத்துக்குச் சரக்கு சேவை வரி கிடையாது. ஆனால் தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் தனி எழுத்தாளரும் இலவசமாகப் பெறலாம். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. எண் வருவதற்குச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், அட்டை வடிவமைப்பு முடியும் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. புத்தகம் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு படியும், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு படியும் அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சிறு வெளியீட்டாளர்கள் பலர் இதைச் செய்வதில்லை. நான் நான்கையும் பதிவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்திருக்கிறேன். நம் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட சிரிப்புப் புத்தகமும் கன்னிமாராவின் அடுக்கில் இருக்க வேண்டும்.

விற்பனை மெதுவாகத்தான் நடந்தது. வேலூர்ப் புத்தகத் திருவிழாவில் ஒரு கடைக்காரர் தம் மேசையில் இடம் கொடுத்தார். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கூட்டம் வரும்போது, உறவினர் ஒருவரின் கடைத் திண்ணையிலும் அடுக்கி வைத்தோம். பெற்றோர் பின்னட்டையைப் பார்த்து, "இதுல அறிவுக்கு என்ன கீது?" என்று கேட்டார்கள், பிள்ளைகள் அதற்குள் மூன்றாவது பக்கத்தில் இருந்தார்கள். வாங்கலாமா என்று முடிவு செய்வதற்குப் பெற்றோர் ஒரு பக்கம் படித்துப் பார்க்கட்டும் என்று, ஆயா பேசும் பக்கத்தில் நூல் கட்டி ஒரு படியை மேசையில் தனியாக வைத்தேன். விளக்கம் சொல்லி விற்றதைவிட அந்தப் படியைக் காட்டி விற்றதே அதிகம்.

இப்போது மறுபதிப்புக்கான திருத்தங்களைச் செய்துகொண்டிருக்கிறேன். பிள்ளைகள் எழுதிக் கொடுத்த குறிப்புகளின்படி நான்காம் அத்தியாயத்தின் தலைப்பு மாறுகிறது, ஏனெனில் அத்தலைப்பே பின்னால் வரும் வேடிக்கையைச் சொல்லிவிடுகிறது. ஒலிபெருக்கிக்காரருக்குக் கூடுதலாக ஒரு பக்கம் வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆறு பாரத்துக்குள் அந்த ஒரு பக்கத்துக்கு இடம் பண்ண, பந்தல் வருணனையில் மிஞ்சியிருப்பதையும் எடுக்கப் போகிறேன்.