கேட் தூணில் கார்டு ரீடர்: முதல் டப்பா போச்சு, இரண்டாவது நிற்கிறது

கார்டைக் காட்டினால் வீட்டு கேட் திறக்கிற மாதிரி ஒரு கார்டு ரீடரை நானே செய்து, டப்பாவில் அடைத்து வெளியே மாட்டினேன். 2024 அக்டோபர் 15 மழையில் அந்த முதல் டப்பா போய்விட்டது. ஒரேயடியாகச் செத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கார்டைப் பத்து முறை காட்டினால் ஒருமுறை படித்தது. அம்மா கையில் காய்கறிப் பையோடு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "சாவின்னா ஒரு திருப்புடா. இதுக்கு எத்தன தடவ ஆரத்தி காட்டணும்?" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

வீடு சென்னை கொட்டிவாக்கத்தில், கடலுக்கு நடந்தே போய்விடலாம். உப்புக் காற்றில் கேட்டின் கீல்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்கும். இது தெரிந்திருந்தும், ஆகஸ்டில் வேலையை ஆரம்பித்தபோது டப்பாவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. யோசித்ததெல்லாம் சர்க்யூட்தான்.

சர்க்யூட் பெரிய விஷயமில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் வாங்கிய, கார்டைப் படிக்கும் சிவப்பு நிற பிஎன்532 மாட்யூல் ஒன்று, அதை இயக்க வைஃபை உள்ள குட்டிக் கணினியான ஈஎஸ்பி32 போர்டு ஒன்று. மாட்யூலில் இருக்கும் இரண்டு குட்டி ஸ்விட்சுகளில் முதலாவதை ஆனிலும் இரண்டாவதை ஆஃபிலும் வைத்தால் இரண்டு ஒயரில் போர்டோடு பேசும் ஐ2சி முறைக்கு வரும். இதைப் பார்க்காமல் ஒரு மாலை முழுக்க ஒயரைச் சந்தேகப்பட்டேன். போர்டில் ஓடும் மென்பொருள் ஈஎஸ்பிஹோம். கார்டு எண்ணைப் படித்து, வீட்டுக்குள் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்குச் சொல்லிவிடும். பூட்டு 12 வோல்ட் எலக்ட்ரிக் ரிம் லாக், அதாவது கேட்டின் மேல்பக்கத்தில் திருகி மாட்டும் மின்பூட்டு. ஒரு நொடி மின்சாரம் கொடுத்தால் பூட்டின் நாக்கு விடுபடும், கரண்ட் இல்லாத நேரத்தில் சாதாரணச் சாவியே போதும். பூட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே என்ற தானியங்கி ஸ்விட்ச் வீட்டுக்குள் இருக்கிறது. வெளியே இருக்கும் டப்பாவை யாராவது பிடுங்கி ஒயரைத் தொட்டு வைத்தாலும் கேட் திறக்காது. இந்த ஒன்றை மட்டும் முதலிலேயே சரியாகச் செய்தேன்.

ரீடரை முதலில் கேட்டின் இரும்புத் தகட்டிலேயே ஒட்டினேன். மேசையில் நான்கு சென்டிமீட்டர் தூரத்தில் படித்தது, அங்கே கார்டை அழுத்தி வைத்தாலும் அசையவில்லை. ஆன்டெனா 13.56 மெகாஹெர்ட்ஸில் உருவாக்கும் காந்தப்புலம் பின்னால் இருக்கும் இரும்பில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பி, அதிலேயே வீணாகிவிடுகிறது. இடையில் காந்தப்புலத்தை இரும்புக்குப் போகவிடாமல் திருப்பும் ஃபெரைட் தாள் ஒட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். நான் சிமென்ட் தூணுக்கு மாற்றிவிட்டேன், படித்தது.

அடுத்தது ஒயர். வீட்டுக்குள்ளிருந்து தூணுக்குப் பன்னிரண்டு மீட்டர். பழைய நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடியில் 5 வோல்ட் அனுப்பினேன். அந்த மெல்லிய செம்பில் போய்வர இரண்டு ஓம் தடை. ஈஎஸ்பி32 வைஃபையில் பேசும்போது கொஞ்ச நேரத்துக்கு நிறைய இழுக்கும். அந்த நேரத்தில் முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விட, போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தது. இப்போது 12 வோல்ட் அனுப்பி, டப்பாவுக்குள் வோல்டேஜைக் குறைக்கும் ஒரு சின்ன பக் கன்வெர்ட்டரில் 5 ஆக்குகிறேன்.

சரி, டப்பாவுக்கு வருவோம். எலக்ட்ரிக்கல் கடையில், தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி65 குறி போட்ட பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் வாங்கி, கேபிள் வருகிற ஓட்டை, மூடியின் விளிம்பு, திருகுகளின் தலை என்று கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் சிலிக்கானைப் பிதுக்கி அடைத்தேன். மழைக்குப் பிறகு அறுத்துத் திறந்தபோது அடியில் அரை ஸ்பூன் தண்ணீர். செம்பு இருந்த இடமெல்லாம் பச்சை.

பச்சைக்குக் காரணம் மழை மட்டும் இல்லை. குழாயைப் பிழிந்ததுமே வினிகர் வாடை அடித்ததே, அதுதான். பாத்ரூம் வேலைக்கு வாங்கும் சாதாரண சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். மூடிய டப்பாவுக்குள் அந்த ஆவிக்குப் போக்கிடம் கிடையாது, செம்பையும் சால்டரையும் தின்னும். நியூட்ரல் க்யூர் என்று போட்டிருக்கும் சிலிக்கானில் இந்த வாடை வராது. விலை கூடுதல்தான்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆனது. வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது: மதியம் மேற்கு வெயிலில் டப்பா சுடுகிறது, உள்ளே காற்று விரிந்து எங்கோ ஒரு மயிரிழை வழியாக வெளியேறுகிறது. சாயங்காலம் மழை அடித்ததும் சட்டென்று குளிர்ந்து, வெளியே இருக்கும் ஈரத்தை உள்ளே உறிஞ்சுகிறது. என் டப்பாவில் அந்த மயிரிழை கேபிளே. மேலிருந்து இறங்கிய கேபிளின் உறைக்குள், ஒயர்களுக்கு நடுவே தண்ணீர் நடந்து வந்திருக்கிறது. வந்தது வெளியே போக வழியில்லை. அந்த வழியைச் சிரத்தையாக அடைத்து வைத்தவன் நானேதான். ஈரத்தை உறிஞ்ச உள்ளே போட்டிருந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் எப்போதோ நிறைந்து சும்மா கிடந்தது.

இரண்டாவது டப்பாவில் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன். கேபிள் கீழ்ப்பக்கமிருந்து, அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு வழியாக நுழைகிறது. நுழையும் முன் ஒரு வளைவு தொங்குகிறது, வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். போர்டுகளுக்கு அக்ரிலிக் பூச்சு ஸ்ப்ரே இரண்டு கோட், கனெக்டர்களை மட்டும் டேப்பால் மறைத்துவிட்டு. டப்பாவின் அடியில் வேண்டுமென்றே மூன்று மில்லிமீட்டர் துளை. துளை போட்டதும் ஐபி65 என்ற அந்தஸ்து போயிற்று, தெரிந்தே போட்டேன். எபாக்ஸி பசையை முழுக்க ஊற்றி உறைய வைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஐம்பது ரூபாய் பார்ட் போனாலும் மொத்தத்தையும் குப்பையில் போட வேண்டும்.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாள். காலையிலிருந்து விடாத மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். சாயங்காலம் குடை பிடித்துப் போய்க் கார்டைக் காட்டினேன். டக். கேட் திறந்தது. போகிற இடம் எதுவும் இல்லாததால் மூடினேன். மறுபடி திறந்தேன். ஐந்தாறு முறை இப்படிச் செய்திருப்பேன், அப்பா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் நடுவில் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு சொட்டு இல்லை, பச்சை இல்லை. எறும்பு இருந்தது. கதகதப்பான இடம், அடியில் வாசல் வேறு வைத்துக் கொடுத்திருக்கிறேன், முட்டையோடு குடியேறிவிட்டன. துளைக்குள் டீ வடிகட்டியிலிருந்து வெட்டிய வலைத் துண்டை ஒட்டியிருக்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. என் ரீடர் பார்ப்பது கார்டின் அடையாள எண்ணை மட்டும். அதை எந்த ரீடரும் படிக்கும், எண்ணை மாற்றி எழுதக்கூடிய வெற்றுக் கார்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பழைய மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு வகையின் ரகசியக் குறியாக்கமே 2008இல் உடைபட்டுவிட்டது. அதனால் கார்டு திறப்பது வெளிக் கேட்டை மட்டும், அதுவும் காலை ஐந்து முதல் இரவு பத்து வரை. வாசல் கதவுக்குப் பழைய பூட்டுதான். இன்னும் பாதுகாப்பான டெஸ்ஃபயர் கார்டுக்கு மாறி, அதற்குள் இருக்கும் ரகசிய டிஜிட்டல் சாவியைச் சரிபார்க்கிற மாதிரி நிரல் எழுதிய பிறகு மற்றதை யோசிக்கலாம்.

அம்மா இப்போது சாவிக்கொத்தில், கார்டுக்குப் பதிலாகக் காட்டும் ஒரு நீல டேக் மாட்டியிருக்கிறார். அதே வளையத்தில் கேட் சாவியும் இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.